பதினாறில் பதினெட்டு

மார்ச் 4

அக்காவுக்கு,

உன் விலாசத்தை அம்மாதான் கொடுத்தாள். மூன்று முறை கேட்டபின் கொடுத்தாள். "நான் குடுத்தேன்னு எழுதிடாத" என்றாள். எழுதிவிட்டேன். நான் கூப்பிட்டால் உன் போன் அடிப்பதே இல்லை. அதற்காக உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

சௌக்கியமா என்று கேட்டு நேரத்தைக் கடத்த விரும்பவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் விசாரணைக் குழுவின் முன் நான் வாசித்த அறிக்கை தவறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் புதிதாக மூன்று பேர் சேர்ந்தார்கள். சர்வரில் எந்தப் புரோகிராம் எவ்வளவு மெமரி எடுக்கிறது என்று இயங்குதளம் ஒரு பட்டியல் காட்டுமே, அதைப் படிக்கச் சொல்லிக்கொடு என்றார் மேலாளர். உதாரணம் காட்ட என்னிடம் பத்திரமாக இருந்தது அந்தப் புயல் நாள் பட்டியல் ஒன்றுதான். அதையே திரையில் போட்டேன். குழுவில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். ஆம்புலன்ஸ் அனுப்புகிற உன் புரோகிராம் ஆறு பிரதியாக ஓடியது, தலைக்கு ஒன்றரை ஜிபி, ஆக ஒன்பது. டேட்டாபேஸ் ஆறு. மற்றவை மூன்று. மெமரி தீர்ந்தது, புரோகிராம் செத்தது.

மூவரில் ஒரு பெண் கேட்டாள். "சார், ஒம்பதும் ஆறும் மூணும் பதினெட்டு ஆவுதே. இந்த சர்வர்ல மொத்த மெமரியே பதினாறுன்னு மேல போட்டிருக்கு."

நான் பட்டியலைப் பார்த்தேன். பதினாறுதான் போட்டிருந்தது. இரண்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குழுவில் ஐந்து பேர் பார்த்தார்கள். ஒருவரும் கூட்டவில்லை.

அவர்களைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டுக் கையேட்டை எடுத்துப் படித்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடம் கழித்து, முதல் பக்கத்திலிருந்து. ஒரு புரோகிராமின் பெயருக்கு நேராக வருகிற எண், அது தொட்டுக்கொண்டிருக்கிற மெமரி எல்லாம் சேர்ந்தது. அதை வேறு யாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்களா என்று அந்த எண் சொல்லாது. உன் புரோகிராம் ஊர் வரைபடம் முழுவதையும் மெமரியில் ஒரே ஒரு முறை ஏற்றி வைக்கும், ஆறு பிரதிகளும் அதையே பார்க்கும். அப்படித்தான் நீ எழுதியிருந்தாய். ஓர் அறையில் ஆறு பேர், சுவரில் ஒரே வரைபடம். ஒவ்வொருவரிடமும் போய் "உனக்கு எவ்வளவு பெரிய வரைபடம்" என்று கேட்டு நான் கூட்டிவிட்டேன். ஆறு வரைபடம் வந்துவிட்டது.

வரைபடம் 1.3 ஜிபி. ஆறு பிரதிகளும் தமக்கென்று தனியாக வைத்திருந்தது தலைக்கு 0.2. மொத்தம் இரண்டரை. ஒன்பது இல்லை.

உன் புரோகிராம் அந்த சர்வரை விழுங்கவில்லை, அக்கா.

அப்படியென்றால் என்னதான் நடந்தது என்று இன்னும் தெரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி


மார்ச் 14

கடிதம் வந்தது. வேலைக்குக் கிளம்பும்போது வந்ததால் பையில் வைத்துக்கொண்டு போய், மத்தியானம் படித்தேன்.

இங்கே லாரி எடைமேடையில் வேலை. லாரி ஏறி நிற்கும், எண் ஓடும், நிற்கும். நின்ற எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் இறங்கிப் போகும். ஒரு நாளைக்கு நூறு, நூற்றிருபது லாரி. டிரைவர் இறங்கிவிட்டாரா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

நீ எழுதியதைப் படித்தால் எனக்கு ஏதாவது ஆகும் என்று நினைத்திருப்பாய். நானும் நினைத்தேன். இரண்டாம் முறை படித்துப் பார்த்தேன். அடுத்த லாரி வந்தது, எழுந்து போனேன்.

வரைபடத்தை ஒரு முறைதான் ஏற்றினேன் என்று குழுவில் நானும் சொன்னேன். அந்தத் தலைவர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். நீ பட்டியலைப் பார்த்தாய். அதற்கப்புறம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஏற்றியது ஒரு முறைதானா, நினைப்பில்தான் அப்படியா என்று.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மெமரி தீரவில்லை என்றால் புரோகிராமை யார் கொன்றது? அது தானாகச் சாகவில்லை. இயங்குதளம் கொன்றது. கொன்றால் ஏன் கொன்றேன் என்று அது பதிவில் எழுதிவைக்கும். குழுவில் நீ வாசித்தது "மெமரி போதாமல் நிறுத்தப்பட்டது" என்ற இரண்டு மூன்று சொல்தான். அந்த வரி அவ்வளவு சின்னதாக இருக்காது.

முழு வரியையும் எழுதி அனுப்பு. சுருக்காதே.


மார்ச் 22

அக்காவுக்கு,

நீ கேட்டபடி முழு வரி. தமிழில் எழுதுகிறேன், ஒரு சொல்லும் விடவில்லை:

"இந்தக் குழுவுக்கு விதிக்கப்பட்ட உச்ச அளவு 2 ஜிபி. குழுவின் பயன்பாடு 2 ஜிபி. குழுவுக்குள் மெமரி போதாமல் பெரிய புரோகிராம் நிறுத்தப்பட்டது."

குழு என்பது உன் ஆறு பிரதிகள். போன கடிதத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினேன். தேட ஒன்றும் இருக்கவில்லை. இந்த வரி அப்போதே என் கண் முன்னால் இருந்தது. எழுதக் கை வரவில்லை.

அந்த உச்ச அளவை விதித்தது நான்தான்.

புயலுக்கு ஒன்பது நாள் முன்னால். கண்காணிப்புத் திரையில் மெமரி தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று சிவப்பாக நின்றுகொண்டிருந்தது. காலி என்ற கட்டத்தில் 0.2 ஜிபி. எந்த நேரமும் சர்வர் படுத்துவிடும் என்று நினைத்தேன். ஒவ்வொரு பிரதியும் ஏறக்குறைய ஒன்றரை என்று காட்டியது. சரி, தலைக்கு இரண்டுக்கு மேல் போகாமல் ஒரு கட்டுப் போட்டு வைப்போம், மற்றவை பிழைக்கும் என்று போட்டேன். தலைக்கு இரண்டு என்றுதான் நினைத்தேன். அது ஆறுக்கும் சேர்த்து இரண்டு.

உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் "எதுக்குடா" என்று கேட்பாய், விளக்க வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இதில் எதுவும் தேவையே இருக்கவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. சும்மா கிடக்கிற மெமரியை இயங்குதளம் வீணாக விடாது. டிஸ்கிலிருந்து ஒருமுறை படித்த கோப்புகளை அங்கே பரப்பி வைத்துக்கொள்ளும், திரும்பக் கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்க. வேலை செய்கிறவர் மேசையில் பழைய தாள்கள் பரந்து கிடக்கிற மாதிரி. யாருக்காவது இடம் வேண்டுமென்றால் ஒரே வாராக வாரி ஒதுக்கிவிடும். 'காலி' என்பது தாளே இல்லாத வெறும் பலகையை மட்டும் அளப்பது. அது எப்போதும் கொஞ்சமாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். பக்கத்திலேயே 'கிடைக்கக்கூடியது' என்று இன்னொரு கட்டம் இருந்தது, அக்கா. புயல் நாள் பட்டியலில் 4.4 ஜிபி. ஒரே வரிசையில், விரல் அகலம் தள்ளி. பயம் வந்தபோதும் அதைப் பார்க்கவில்லை, புயல் நாளிலும் பார்க்கவில்லை, விசாரணைக் குழுவிலும் பார்க்கவில்லை.

சர்வருக்கு அன்று எந்தக் குறையும் இல்லை. இடம் இருந்தது. நான் கட்டிய வேலிக்குள் உன் புரோகிராம் இடமில்லாமல் செத்தது.

கட்டுப் போட்டதையே மறந்துபோயிருந்தேன். பழைய அமைப்புகளின் நகலில் இப்போதுதான் கண்ணில் பட்டது.

தம்பி


மார்ச் 29

நீ எழுதியதைச் சரிபார்த்தேன். கணக்குச் சரியாக வருகிறது. சாதாரண நாளில் தனிப் பங்கு தலைக்கு 0.1 தான் இருக்கும். வரைபடத்தோடு சேர்த்து 1.9. அதனால் உன் கட்டுக்குள் ஒன்பது நாள் ஓடியது. நீ சொன்ன மாதிரி உண்மையிலேயே ஒன்பது ஜிபி எடுத்திருந்தால் நீ கட்டுப் போட்ட நிமிடமே செத்திருக்கும். குழுவில் யாராவது இதைக் கேட்டிருக்கலாம். ஆனால் கட்டு இருந்தது என்றே அவர்களுக்குத் தெரியாது.

புயலில் அழைப்புகள் இரண்டு மடங்கு. 1.9 இரண்டைத் தாண்டியது. புரோகிராமை இயங்குதளம் கொன்றது. எழுந்தது. திரும்பக் கொன்றது. பதினாலு நிமிடம்.

ஒரு இடம் மட்டும் பொருந்தவில்லை.

பதினைந்தாம் நிமிடம் அது எழுந்து நின்றது. அப்புறம் சாகவில்லை. மழை விடவில்லை, அழைப்பு குறையவில்லை. இரண்டரை எடுத்துக்கொண்டு ஓடியது என்று நீயே எழுதியிருக்கிறாய். இரண்டு என்று கட்டு இருக்கும்போது இரண்டரை எப்படி ஓடும்?

அன்று நான் உன் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றேன். நீ ஏதோ அடித்தாய். "இப்ப பாரு" என்றாய். திரை வந்தது. நீ புரோகிராமை நிறுத்தித் திரும்ப எழுப்பினாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கட்டை எப்போது எடுத்தாய்?

நீ பதில் எழுதுவதற்குள் உனக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். அம்மாவுக்கும் தெரியாது. எங்கோ போய் எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறாளே, படித்த படிப்பென்ன என்று உன்னிடம் புலம்பியிருப்பாள். இந்த ஊருக்கு நான் சும்மா வரவில்லை. அந்தப் பதினாலு நிமிடத்தில் கூப்பிட்ட பெண்மணி இங்கேதான் இருக்கிறாள்.

கண்ணாடிக் கடை. அவள் கணவர் கண்ணாடி வெட்டுகிறவர். அன்று காற்றில் நிறுத்தி வைத்த கண்ணாடிப் பலகை ஒன்று சரிந்து உடைந்து தொடையில் இறங்கியது. அவள் துணியால் கட்டி அழுத்திக்கொண்டே கூப்பிட்டாள். நம் அறையில் அழைப்பை எடுத்த பெண்ணுக்குத் திரை உறைந்துவிட்டது. தாளில் எழுதிக்கொண்டு, வண்டி எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு வண்டியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். வண்டி போய்ச் சேர்ந்தபோது அவருக்கு உயிர் இல்லை. இவ்வளவும் உனக்குத் தெரியும்.

வேலை போய் மூன்று மாதம் கழித்து அந்தக் கடைக்குப் போனேன். இரண்டு முறை எதிர்ப்பக்கம் நின்றுவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் முறை உள்ளே போய், "வண்டி அனுப்பற புரோகிராம எழுதினது நான்தான்" என்றேன். அவள் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தனியாக நகர்த்திக்கொண்டிருந்தாள். ஒரு முனை தரையில், ஒரு முனை தோளில். என்னைப் பார்த்தாள். "அந்தப் பக்கம் பிடி" என்றாள். பிடித்தேன். வண்டிவரை கொண்டுபோனோம்.

அன்றிலிருந்து வியாழக்கிழமை சாயங்காலம் போகிறேன். அன்றைக்குத்தான் லோடு வரும். பெரிய பலகையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அவள் பேசுவது பிடி, மெல்ல, வை, இவ்வளவுதான். திட்டியதில்லை. நானும் அழுததில்லை. ஒரு ஆளைக் கொன்றவள் செய்ய வேண்டியது இது என்று நானே முடிவு செய்துகொண்டேன். இரண்டு வருடமாக அப்படித்தான் எழுந்திருக்கிறேன், அப்படித்தான் தூங்கியிருக்கிறேன்.

கட்டை எப்போது எடுத்தாய் என்று எழுது.


ஏப்ரல் 6

அக்கா,

பதினாலாம் நிமிடம் எடுத்தேன்.

நீ பின்னால் நின்றாய். எனக்குத் திடீரென்று அது ஞாபகம் வந்தது. ஒரே ஒரு வரி. அழித்தேன். "இப்ப பாரு" என்றேன். மறந்துபோயிருந்தேன் என்று போன கடிதத்தில் எழுதியது பொய். அதற்கு முந்தின கடிதத்திலும் ஒரு பொய் இருந்தது. எண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும்.

முதல் நாள் நான் நினைத்தது இதுதான்: சர்வரில் மெமரி தீர்ந்துகொண்டிருந்தது, என் கட்டு அதைத் தடுத்தது, கட்டை எடுத்ததும் எப்படியோ சமாளித்துவிட்டது, ஆக மூலக் காரணம் உன் புரோகிராமின் பசி. பட்டியலில் காலி 0.2 என்று இருந்ததால் அதை என்னால் நம்ப முடிந்தது. இரண்டாம் நாள் கொஞ்சம் குறைவாக நம்பினேன். மூன்றாம் நாள் குழு கூடியது.

தலைவர் கேட்டார். "அன்னைக்கு முன்னாலயோ பின்னாலயோ சர்வர்ல வேற ஏதாவது மாத்தினீங்களா?"

"இல்ல சார்" என்றேன்.

அதைச் சொல்லும்போது நீ என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாய். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தாய். உன்னைக் காப்பாற்ற முடியாது, என்னையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால்கூட ஒரு காரணம் இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்டார், வாயில் வந்தது. அப்புறம் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

உன்னை வேலையை விட்டு அனுப்பிய அன்று உன் மேசையை நான்தான் காலி செய்து பெட்டியில் போட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். தூங்கினேன். இரண்டு வருடம் அது என்னை ஒன்றும் செய்யவில்லை. அதுதான் எனக்கே புரியாதது. சம்பளம் வந்தது, அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை செய்வித்தேன், கடையில் காய் வாங்கினேன். அந்தப் பெண் பதினெட்டு என்று சொல்லும்வரை.

நீ அந்தக் கடைக்குப் போகிறாய் என்பதைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஆபீஸ் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல். நீ எதைச் சொன்னாலும் செய்கிறேன். பேசாமல் இரு என்றாலும் இருக்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 12

நான் சொல்லி நீ செய்ய வேண்டாம். இதையும் என் தலையில் கட்டாதே.

பதில் எதிர்பார்த்து எழுதாதே.


ஏப்ரல் 30

அக்காவுக்கு,

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஏப்ரல் 17 அன்று திருத்திய அறிக்கையை எழுதி முடித்தேன். நான்கு பக்கம். பதிவின் முழு வரி, கட்டுப் போட்ட தேதி, எடுத்த நிமிடம், பட்டியலை எப்படித் தவறாகக் கூட்டினேன், 'காலி'யை எப்படித் தவறாகப் படித்தேன், குழுவில் என்ன பொய் சொன்னேன், எல்லாம். மேலாளரிடம் கொண்டுபோய் வைத்தேன்.

அவர் இரண்டு பக்கம் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "இப்ப எதுக்குப்பா இதக் கிளப்புற? முடிஞ்சுபோன விஷயம். உங்கக்கா வேற வேலைல இருக்காங்கல்ல?"

"எடைமேடையில இருக்காங்க சார்."

"ஏதோ ஒண்ணு. உனக்கு வேலை போயிடும். அவங்களுக்கு வேலை திரும்பி வராது. யாருக்கு லாபம்?"

யாருக்கு என்று எனக்கும் தெரியவில்லை. அவர் அந்தத் தாள்களை இழுப்பறையில் போட்டார், காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம் என்று. என்னிடம் இன்னொரு பிரதி இருந்தது. மத்தியானம் குழுத் தலைவர் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றுவிட்டார். தோட்டத்துக் குழாயைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். நின்றபடியே நான்கு பக்கமும் படித்தார். பேனா கேட்டார். தாளின் ஓரத்தில் ஒன்பது, ஆறு, மூன்று என்று எழுதிக் கூட்டினார். கீழே பதினெட்டு என்று எழுதி வட்டம் போட்டார்.

"நானாவது கூட்டியிருக்கணும்" என்றார். அன்றே மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பொய் சாட்சி சொன்னதற்குத் தனி விசாரணை வரும். உன்னை நீக்கிய உத்தரவு ரத்தாகும் என்று பேச்சு. உனக்கு அதிகாரபூர்வமாக எழுதுவார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். "உன்னையும் அவ ஆபீஸ்லயே சேர்த்துவிடச் சொல்லி அவகிட்ட நான்தான் சொன்னேன்" என்றாள். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைக்கிறாள், மூடி வைக்கிறாள்.

கடைசியாக ஒன்று. கண்ணாடிக் கடைக்காரம்மாவுக்கும் ஆபீஸிலிருந்து கடிதம் போகும். பத்துப் பதினைந்து நாளில். ஆபீஸ் தாளில் படித்துத் தெரிந்துகொள்வதைவிட உன் வாயால் கேட்டால் நல்லது என்று நினைக்கிறேன். நான் வந்து சொல்வதுதான் முறை. வரலாமா என்று அவர்களிடம் கேட்பாயா? பதில் எதிர்பார்த்து எழுதாதே என்றாய். எதிர்பார்க்கவில்லை.

தம்பி


மே 11

தம்பிக்கு,

வியாழக்கிழமை சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு லோடு பெரியது. பன்னிரண்டு பலகை. எல்லாவற்றையும் இறக்கிச் சட்டத்தில் சாத்திய பிறகுதான் ஆரம்பித்தேன். கையில் கண்ணாடி இருக்கும்போது சொல்லக்கூடாது என்று வைத்திருந்தேன். அவள் முக்காலியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். மெமரி, கட்டு, பட்டியல் எல்லாம் அவளுக்கு எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன். அங்கே போனதும் அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "மெஷின்ல எடம் இருந்தது. எடம் இல்லன்னு தப்பாப் படிச்சு ஒரு ஆள் ஒரு கட்டுப் போட்டுட்டாரு. அதுலதான் நின்னுபோச்சு. நான் எழுதினதுல கோளாறு இல்லையாம்" என்றேன்.

"யாரு அந்த ஆளு?"

"என் தம்பி."

"கூடப் பொறந்தவனா?"

"ஆமா."

"தெரிஞ்சா போட்டான்?"

"போட்டது தெரியாம. மறைச்சது தெரிஞ்சு."

அவள் ஒரு கையுறையை இன்னொன்றின் மேல் வைத்தாள். வெளியே லோடு வண்டிக்காரர் சீட்டில் கையெழுத்துக்காக நின்றிருந்தார். எழுந்து போய்ப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள். திரும்ப அதே முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப உன் மேல ஒண்ணும் இல்ல."

"இல்லன்னு சொல்றாங்க."

இதற்கப்புறம் கத்துவாள் என்று நினைத்தேன். இல்லையென்றால் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். சட்டத்தில் சாத்திய பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், எண்ணுகிற மாதிரி.

நீ வரலாமா என்று கேட்டேன். கேட்கத்தான் சொன்னாய், கேட்டேன். "வேணாம்" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அதனால் வராதே. எழுதியும் அனுப்பாதே. அவள் கேட்டால் அப்போது பார்க்கலாம். கேட்காமலே போகலாம். அதற்கும் நீ தயாராக இருந்துகொள்.

ஆபீஸிலிருந்து எனக்குக் கடிதம் வந்துவிட்டது. திரும்பச் சேர விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் போடவில்லை. பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்து திரையைப் பார்ப்பதை நினைத்துப் பார்த்தேன். ஆசையும் வரவில்லை, வெறுப்பும் வரவில்லை. இப்போதைக்கு லாரிகளை எடை போடுகிறேன்.

உன்னை மன்னித்தேனா என்று நீ கேட்கவில்லை. கேட்காதது நல்லது. அந்த இடத்தைத் தொட்டால் எனக்கு மரத்த பல்லைத் தொடுகிற மாதிரி இருக்கிறது. விரல் படுவது தெரிகிறது, வேறொன்றும் தெரியவில்லை. அறிக்கையை நீ இழுப்பறையில் விட்டுவிடாமல் தலைவர் வீட்டுக்கு நடந்து போனாய் என்பதை மட்டும் இரண்டு மூன்று முறை படித்தேன்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். உன்னோடு பேசச் சொன்னேன். உனக்காக இல்லை. வீட்டில் இரண்டு பேர் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது அவள் உடம்புக்கு ஆகாது.

வியாழக்கிழமை சொன்னதில் ஒன்று பாக்கி. நான் பையை எடுத்துக்கொண்டு கடைவாசல் படி இறங்கும்போது அவள் பின்னாலிருந்து கேட்டாள்.

"அப்ப இனிமே நீ வரமாட்டியா?"

எதற்காக வந்துகொண்டிருந்தேனோ அந்தக் காரணம் இப்போது இல்லை. அது அவளுக்கும் தெரிந்திருந்தது. அவள் குரலில் ஒன்றும் இல்லை, அடுத்த லோடு எப்போது என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பதிலுக்காக நின்றாள்.

"வருவேன்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு ஷட்டரை இறக்கப் போனாள். அது கொஞ்சம் இறுக்கம். நான் திரும்பி ஏறிப்போய் ஒரு பக்கம் பிடித்து இழுத்தேன்.

அதற்கப்புறம் பஸ் நிறுத்தத்தில் என் வீட்டுப் பக்கம் போகிற பஸ் இரண்டு வந்தன. இரண்டையும் விட்டுவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. ஏற முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அப்போதுதான் முகம் நனைந்திருப்பது தெரிந்தது. மூன்றாவது பஸ்ஸில் வந்தேன்.

எனக்கு எழுது. விசாரணை எப்போது என்று தேதி போட்டு எழுது.

அக்கா